யாருக்கு இது வெளிநாட்டுச் செய்தி? கொழும்பிலிருந்து ஒரு நோக்கு

பத்திரிகைகளில் 'வெளிநாட்டுச் செய்திகள்' என்று தலைப்பிட்டு ஒதுக்கப்படும் பக்கம் உலகத்தைக் காட்டுகிறது என்றே வாசகர்கள் பொதுவாக நம்புகின்றனர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகை ஆசிரியபீடங்களில் பணியாற்றியவன் என்ற முறையில் நான் அவதானித்தது வேறு. அந்தப் பக்கம் உலகத்தைக் காட்டுவதிலும் பார்க்க, அந்தப் பத்திரிகையை வாங்குபவர் யார், அவர் வாழும் நாடு எதை விரும்புகிறது, எதற்கு அஞ்சுகிறது என்பவற்றையே கூடுதலாகக் காட்டுகிறது. ஒரே நாளில், ஒரே சம்பவத்தைப் பற்றி லண்டன், புதுடில்லி, கொழும்புப் பத்திரிகைகள் எழுதியவற்றை அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த, வாழ்கின்ற தமிழ் வாசகருக்கு இந்த விடயத்தில் ஒரு தனியான அனுபவம் உண்டு. தமது ஒழுங்கைக்கு அப்பால் நடந்த ஒன்றை, பல தடவைகள், அவர்கள் லண்டனின் அல்லது டில்லியின் வெளிநாட்டுச் செய்தியாகவே அறிந்துகொள்ள நேர்ந்தது. உள்நாட்டுப் பத்திரிகை தணிக்கைக்குள் இருந்தது. அரச வானொலி வேறு கதை சொன்னது. ஆகவே, தமது சொந்த வாழ்க்கையைப் பற்றி அந்நியர் அந்நியருக்காக எழுதியதைப் படித்து, அதிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கும் ஒரு பழக்கம் இந்த மக்களிடம் வளர்ந்தது. அந்தப் பழக்கத்தின் வரலாற்றையும், அது இன்று ஏன் தேவைப்படுகிறது என்பதையும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளிநாட்டுச் செய்தி எவ்வாறு தெரிவு செய்யப்படுகிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் நோர்வே நாட்டு ஆய்வாளர்களான யொஹான் கல்துங், மாரி ரூகே ஆகிய இருவரும் முன்னோடிகள். கொங்கோ, கியூபா, சைப்பிரஸ் நெருக்கடிகளை நான்கு நோர்வேப் பத்திரிகைகள் எவ்வாறு வெளியிட்டன என்பதை ஆராய்ந்து 1965இல் அவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வல்லரசு நாடுகள், பிரபலமான மனிதர்கள், கலாசார ரீதியில் நெருக்கமான சமூகங்கள், தீய நிகழ்வுகள் ஆகியவை தொடர்பான சம்பவங்களே எளிதில் செய்தியாகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவுகளில் சில. தூரத்து ஏழை நாட்டின் சாதாரண மனிதன் செய்தியாக வேண்டுமாயின் அவனுக்கு ஏதாவது கொடியது நேர வேண்டும் என்பது இதன் பொருள். இலங்கைத் தமிழர்கள் இதனைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

எது வெளிநாடு?

முதலில் 'வெளிநாடு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள கிராண்ட்பாஸ் வீதியைத் தன் நீண்டகால முகவரியாகக் கொண்ட 'வீரகேசரி', 1930 ஆகஸ்ட் 6ஆம் திகதி தமிழகத்தைச் சேர்ந்த பெ.பெ.ரெ. சுப்பிரமணியம் செட்டியாரால் தொடங்கப்பட்டது. அது உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த ஆண்டு. அந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பெரும் பகுதியினர் கொழும்பில் வணிகம் செய்த இந்தியரும் மலையகத் தோட்டங்களோடு தொடர்புடையவர்களும் ஆவர். அவர்களுக்கு இந்திய விடுதலைப் போராட்டம் வெளிநாட்டுச் செய்தி அல்ல, ஊர்ச் செய்தி. 1932இல் டி.ஆர். விஜயவர்தனவின் லேக் ஹவுஸ் நிறுவனம் 'தினகரன்' பத்திரிகையைத் தொடங்கியது. அதே நிறுவனத்தின் சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளை வாசித்தவர்களுக்கு இந்தியா ஓர் அயல்நாடு. ஆக, ஒரே நகரில் அச்சாகிய பத்திரிகைகளுக்கிடையிலேயே 'வெளிநாடு' எங்கே தொடங்குகிறது என்பதில் உடன்பாடு இருக்கவில்லை.

இந்த வேறுபாடு வெறும் உணர்வு சார்ந்தது அன்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரின் எதிர்காலம், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தீர்மானிக்கப்பட்டது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிடப்பட்ட மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை அளிப்பது, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்பதே ஏற்பாடு. புதுடில்லிக்கு அது ஓர் அயல்நாட்டு உறவுச் செய்தி. கொழும்பின் ஆட்சியாளருக்கு ஓர் இராஜதந்திர வெற்றி. ஹற்றனிலும் பதுளையிலும் லயன் அறைகளில் இருந்தவர்களுக்கோ, எந்தப் பிள்ளை எந்த நாட்டில் இருக்கும் என்ற கேள்வி. இரு அரசாங்கங்கள் மேசையில் அமர்ந்து பேசும்போது, பேசப்படும் மனிதர் செய்தியின் ஓரத்துக்குத் தள்ளப்படுவர் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

கொழும்பு மாநாடும் செய்திச் சமநிலையும்

உலகச் செய்திகளை ஒருசில மேற்குலக நிறுவனங்களே விநியோகிக்கின்றன என்ற முறைப்பாடு 1970களில் மூன்றாம் உலக நாடுகளிடையே வலுத்தது. ரொய்ட்டர், ஏ.எப்.பி., ஏ.பி. ஆகியவற்றின் கண்களினாலேயே ஓர் ஆசிய நாடு இன்னோர் ஆசிய நாட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக, யூகோஸ்லாவியாவின் தன்யுக் நிறுவனம் 1975இல் முன்னின்று தொடங்கிய அணிசேரா நாடுகளின் செய்தி நிறுவனக் கூட்டமைப்பு 1976 ஜூலையில் புதுடில்லியில் முறைப்படுத்தப்பட்டு, அடுத்த மாதம் கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடந்த அணிசேரா உச்சிமாநாட்டின் அங்கீகாரத்தைப் பெற்றது. இந்த விவாதத்தின் தொடர்ச்சியாக யுனெஸ்கோ அமைத்த ஷோன் மக்பிரைட் தலைமையிலான ஆணைக்குழு 1980இல் தனது அறிக்கையை வெளியிட்டது. காப்ரியேல் கார்சியா மார்க்வெசும் இந்தியாவின் பி.ஜி. வர்கீசும் அந்த ஆணைக்குழுவில் இருந்தனர். இந்த விவாதமும் ஒரு காரணமாக, 1984இன் இறுதியில் அமெரிக்காவும் அடுத்த ஆண்டு இறுதியில் பிரிட்டனும் யுனெஸ்கோவிலிருந்து விலகின.

முறைப்பாடு நியாயமானதே. ஆனால் கொழும்பு மாநாட்டை நடத்திய அதே அரசாங்கம், 1973இல் லேக் ஹவுஸ் நிறுவனத்தைச் சட்டமூலம் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருந்தது. 1974 ஏப்ரலில் 'தவச', 'சன்', 'தினபதி' ஆகிய பத்திரிகைகளை வெளியிட்ட நிறுவனத்தை அவசரகாலச் சட்டத்தின் கீழ் முத்திரையிட்டு மூடியது. உலகச் செய்தியில் சமநிலை கேட்ட அரசாங்கங்களில் பல, தமது நாட்டுக்குள் ஒரு குரலுக்கு மேல் ஒலிப்பதை விரும்பவில்லை. 1990களின் நடுப்பகுதியில் அந்தக் கூட்டமைப்பு செயலிழந்துபோனதில் வியப்பில்லை. அரசாங்கச் செய்தி நிறுவனம் ஒன்று இன்னோர் அரசாங்கச் செய்தி நிறுவனத்துக்கு அனுப்பிய அமைச்சர்களின் உரைகளை எந்த வாசகர் படிப்பார்?

நான் இத்துறைக்கு வந்த காலத்தில், மேற்குலக நிறுவனங்களின் செய்திகளும் இந்தியாவின் பி.ரி.ஐ. செய்திகளும்தான் தமிழ்ப் பத்திரிகைகளின் வெளிநாட்டுப் பக்கத்தை நிரப்பின. ஆங்கிலத்தில் வரும் அந்தத் தாள்களைத் தமிழாக்கும்போது ஒவ்வொரு சொல்லும் ஒரு தீர்மானமாகும். ஆயுதமேந்திய ஒருவரைத் தன் சொந்தக் குரலில் பயங்கரவாதி என்று கூறுவதை ரொய்ட்டர் தவிர்த்துவந்தது, கிளர்ச்சியாளர் என்றது. கொழும்பின் அரச பத்திரிகைகளில் அதே ஆள் பயங்கரவாதி. தனியார் தமிழ்ப் பத்திரிகைகளில் போராளி அல்லது வெறுமனே இயக்கப் பெயர். தமிழக நாளிதழ்கள் சிலவற்றில் தீவிரவாதி. ஒரு மனிதருக்கு நான்கு பெயர்கள். எந்தச் சொல் எங்கே வழங்குகிறது என்பதைப் பார்த்தே, அந்தச் செய்தி எந்த வாசலால் வந்தது என்று கொழும்பு வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

1983: லண்டன் வழியாக வந்த செய்தி

1983 ஜூலை 11ஆம் திகதி லண்டன் 'டெயிலி டெலிகிராப்' பத்திரிகையில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் செவ்வி வெளிவந்தது. யாழ்ப்பாண மக்களின் அபிப்பிராயத்தைத் தான் இனிப் பொருட்படுத்தப் போவதில்லை என்ற தொனியில் அவர் அதில் பேசியிருந்தார். ஒரு நாட்டின் தலைவர் தன் பிரஜைகளில் ஒரு பகுதியினரைப் பற்றி எண்ணுவதை அந்தப் பிரஜைகள் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்திலிருந்து அறிந்துகொண்டனர். இரண்டு வாரங்களுக்குள், ஜூலை 23ஆம் திகதி திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதையடுத்து, கொழும்பு எரிந்தது.

வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாகிக்கொண்டிருந்தபோது உள்நாட்டு ஊடகங்கள் தணிக்கைக்கும் ஊரடங்குக்கும் உட்பட்டிருந்தன. தப்பியவர்கள் அகதி முகாம்களிலும் அயலவர் வீடுகளிலும் இருந்து, பி.பி.சி.யையும் அகில இந்திய வானொலியையும் கேட்டே நிலைமையின் பரிமாணத்தை அறிந்தனர். ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றியது ஜூலை 28ஆம் திகதி. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தையும் அந்த உரையில் இருக்கவில்லை. அந்த மாத இறுதியில் மூன்று இடதுசாரிக் கட்சிகளைத் தடைசெய்த அரசாங்கம், வன்செயலின் பின்னணியில் ஒரு சதி இருந்ததாகக் கூறியது. கொல்லப்பட்டோர் தொகையை அரசாங்கம் சில நூறு என்றது. ஏனைய மதிப்பீடுகள் மூவாயிரம் வரை சென்றன.

அப்போது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு கவலை இருந்தது. திறந்த பொருளாதாரத்தின் முன்மாதிரி என்று இலங்கையைப் புகழ்ந்துவந்த மேற்குலகம், அந்த முன்மாதிரிக்கும் முதலீட்டுக்கும் உல்லாசப் பயணத்துறைக்கும் என்ன ஆகும் என்று கேட்டது. தமிழகம் கொதித்ததால் புதுடில்லிக்கு அது உள்நாட்டு அரசியலாயிற்று. வெளிவிவகார அமைச்சர் பி.வி. நரசிம்மராவ் கொழும்புக்கு விரைந்தார். இந்தக் கவலைகள் எதுவும் பொய்யானவை அல்ல. ஆயினும், எரிந்த வீட்டின் சொந்தக்காரர் இவை அனைத்தையும் சேர்த்துப் படித்தால்தான் தனக்கு நேர்ந்தது என்ன என்பதற்கு ஓரளவு கிட்ட வரமுடிந்தது.

1987: விமானத்தில் வந்த பத்திரிகையாளர்கள்

1987 ஜூன் 3ஆம் திகதி நிவாரணப் பொருட்களுடன் வந்த இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் பாதுகாப்புடன், யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. 'ஒப்பரேஷன் பூமாலை' என்று பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் சுமார் 25 தொன் பொருட்கள் போடப்பட்டன. ஊடக வரலாற்றைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்த விமானங்களில் இந்திய, வெளிநாட்டுப் பத்திரிகையாளர் முப்பதுக்கும் மேற்பட்டோரும் ஏற்றிச் செல்லப்பட்டனர். 25 தொன் உணவு ஒரு குடாநாட்டின் பசியைத் தீர்க்காது என்பது டில்லிக்குத் தெரியும். கொழும்புக்கும் உலகத்துக்கும் ஒரு செய்தி அனுப்பப்பட்டது. அதை எழுதுபவர்களும் கூடவே கொண்டுவரப்பட்டனர். இந்தியப் பத்திரிகைகளுக்கு அது மனிதாபிமானப் பணி. கொழும்பின் சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இறைமை மீறல். யாழ்ப்பாணத்தவருக்கு, தமக்கு ஒரு காவல் இருக்கிறது என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை நான்கு மாதங்கள் நிலைத்தது. ஜூலை 29ஆம் திகதி இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகி, இந்திய அமைதிகாக்கும் படை வந்திறங்கியது. ஒக்டோபர் 10ஆம் திகதி புலிகளுடன் போர் மூண்டபோது, அந்தப் படை 'ஈழமுரசு', யாழ்ப்பாணத்து 'முரசொலி' ஆகிய பத்திரிகைகளின் அச்சகங்களைத் தகர்த்தது. ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ். ஆஸ்பத்திரிக்குள் மருத்துவர்கள், தாதியர், நோயாளர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். துப்பாக்கிச் சண்டைக்கு இடையே அகப்பட்டோர் என்றே இந்தியத் தரப்பு விளக்கமளித்தது. உள்ளூர் அச்சகங்கள் இல்லாத நிலையில், இந்திய ஊடகங்களில் அந்த விளக்கத்துக்கு இருந்த இடம் உயிர் தப்பியவர்களின் சாட்சியத்துக்குக் கிடைக்கவில்லை. ஜூனில் விமானத்தில் வந்த ஊடகம், ஒக்டோபரில் நடந்தே வந்திருக்கலாம்.

பாதை போன இடமெல்லாம் செய்தி

அரசியல் சார்பு ஒன்றே செய்தியை வளைப்பதில்லை, பாதையும் வளைக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி இலங்கையைத் தாக்கியபோது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது, தென்பகுதியில் பெரலிய என்ற இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் கவிழ்ந்த ரயிலைத்தான். பெரலிய, வெள்ளவத்தையூடாகச் செல்லும் காலி வீதியிலேயே இருக்கிறது. கொழும்பு ஹோட்டலில் தங்கிய வெளிநாட்டுச் செய்தியாளர் ஒரே வீதியால் சென்று சில மணி நேரத்தில் அதை அடையலாம். கல்முனைக்கும் மருதமுனைக்கும் நாட்டின் குறுக்கே நெடுந்தூரம் போக வேண்டும். முல்லைத்தீவுக்குப் புலிகளின் சோதனைச்சாவடியையும் தாண்ட வேண்டும்.

அதே வாரத்தில் ஐரோப்பியப் பத்திரிகைகளின் முதற்பக்கங்களைத் தாய்லாந்தின் கடற்கரைகள் நிரப்பின. தாய்லாந்தில் இறந்தோர் ஐயாயிரத்துச் சொச்சம். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டவர். சுவீடன் மட்டும் 543 பேரை இழந்தது. சுவீடன் பத்திரிகை சுவீடன் மக்களைத் தேடியதைக் குறைகூற முடியாது. அது அவர்களுக்கு உள்நாட்டுச் செய்தி. ஆயினும், நிவாரணப் பணம் தொலைக்காட்சிக் கமராவின் பின்னால் செல்கிறது என்பதால், செய்தியில் இடம்பெறாத கரையோரம் இரண்டாவது தடவையும் இழக்கிறது.

2007: விடுதி அறைகளிலிருந்து

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா நோக்கி அனுப்பப்பட்டனர். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், வெளிநாடு செல்ல விசாவுக்குக் காத்திருந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் பாதுகாப்புக் கருதிச் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டனர் என்று அதிகாரிகள் கூறினர். சர்வதேச ஊடகங்கள் 'வெளியேற்றம்' என்ற சொல்லைப் பயன்படுத்தின. அமெரிக்காவும் பிரிட்டனும் கண்டித்தன.

மறுநாளே உயர் நீதிமன்றம் இந்த நடவடிக்கைக்குத் தடை விதித்தது. அந்தத் தடைக்கு வழிவகுத்த மனுவைத் தாக்கல் செய்தது கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வெளிநாட்டுச் செய்தி ஒரு சம்பவத்தின் மேல் இரண்டு நாட்களுக்கு வெளிச்சம் பாய்ச்சும். அந்த இரண்டு நாட்களுக்குள் மனுவை எழுதி நீதிமன்றுக்குக் கொண்டுசெல்ல உள்ளூரில் ஆட்கள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து கிடைத்த மிகச் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

செய்தியை அனுப்பியவர்கள்

லண்டனில் வாசிக்கப்படும் ஒரு வெளிநாட்டுச் செய்தியின் அடியில், பெயர் வெளியே தெரியாத ஓர் உள்ளூர்ச் செய்தியாளர் இருப்பார். மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி.யின் தமிழ், சிங்கள சேவைகளுக்கும், 'வீரகேசரி', 'ராவய' ஆகிய பத்திரிகைகளுக்கும் செய்தி அனுப்பிவந்தார். தமிழிலும் சிங்களத்திலும், உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் ஒரே மனிதர் ஒரே உண்மையைச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது. 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு வேளையில், தன் வீட்டில் வைத்து அவர் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் வன்னியிலிருந்து திரும்பிய 'சண்டே டைம்ஸ்' செய்தியாளர் மேரி கொல்வின் இராணுவத்தின் தாக்குதலில் ஒரு கண்ணை இழந்தார். உலகம் அதைப் பரவலாக அறிந்தது. அவருடைய துணிவுக்கு அந்த மரியாதை உரியதே. ஆனால் நிமலராஜனின் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்? தமிழ்நெற் இணையத்தளத்தின் ஆசிரியர் தராக்கி சிவராம் 2005 ஏப்ரல் 28ஆம் திகதி பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு மறுநாள் சடலமாக மீட்கப்பட்டார். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலும் மாற்றுக் கருத்தை எழுத இடமிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதன் விளைவை 2009இல் கண்டோம். 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்களும் சர்வதேச தொண்டு நிறுவனங்களும் வன்னியிலிருந்து வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். சுதந்திரமான ஊடகவியலாளர் எவரும் உள்ளே போக முடியவில்லை. வவுனியா முகாம்களைப் பற்றிச் செய்தி வெளியிட்ட சனல் 4 குழுவினர் மே மாதத்தில் நாடுகடத்தப்பட்டனர். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தமது நிகழ்ச்சிகளில் குறுக்கிடுவதாகக் கூறி, பி.பி.சி. அந்த ஆண்டு பெப்ரவரியில் அதற்கு வழங்கிவந்த பண்பலைச் சேவையை இடைநிறுத்தியது. 2013இலும் இதே நிலை மீண்டும் ஏற்பட்டது.

போர் முடிவுக்கு வந்த அந்த மே மாதத்தில் ஒவ்வொரு நாட்டு ஊடகமும் எங்கே பார்த்துக்கொண்டிருந்தது? மே 16ஆம் திகதி இந்தியப் பொதுத்தேர்தல் முடிவுகள் வெளியாகின. முள்ளிவாய்க்காலின் இறுதி நாட்களில் இந்தியத் தொலைக்காட்சிகள் ஆசனங்களை எண்ணிக்கொண்டிருந்தன. பிரபாகரனின் மரணச் செய்தி வந்தபோது அது ராஜீவ் காந்தி கொலையின் முடிவுரையாக எழுதப்பட்டது. மே 10ஆம் திகதி டொரொண்டோவில் தமிழர் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தபோது, கனடிய ஊடகங்கள் பலவற்றில் போரைவிடப் போக்குவரத்து நெரிசல் பெரிதாகப் பேசப்பட்டது. கொழும்பின் சிங்களப் பத்திரிகைகள் வெற்றியைக் கொண்டாடின. கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகள் அரசாங்க அறிவிப்பையும் வெளிநாட்டு நிறுவனச் செய்தியையும் அருகருகே போட்டுவிட்டு மௌனம் காத்தன. நாற்பதாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு கூறியது 2011 ஏப்ரலில். இரண்டு ஆண்டுகள் பிந்தி வந்த செய்தி அது.

கொச்சிக்கடை, 2019

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் ஆகியவற்றில் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்திய ஊடகங்கள், தமது நாட்டின் புலனாய்வுத்துறை முன்கூட்டியே அனுப்பிய எச்சரிக்கையை முன்னிறுத்தின. நியூசிலாந்து ஊடகங்கள், இது கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல் தாக்குதலுக்குப் பழிவாங்கலா என்று கேட்டன. மேற்குலக ஊடகங்கள் ஐ.எஸ். அமைப்பின் அடுத்த கட்டத்தைப் பற்றி எழுதின. டென்மார்க், மூன்று பிள்ளைகளை இழந்த தன் நாட்டுத் தொழிலதிபர் ஒருவரின் குடும்பத்துக்காக அழுதது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் வெள்ளைக் கொடிகள் தொங்கின. அங்கே மக்கள் தேடியது பெயர்களை. எந்த வீடு, யாருடைய பிள்ளை, எத்தனை மணிக்கு அடக்கம் என்பதைச் சொன்னவை உள்ளூர்த் தமிழ்ப் பத்திரிகைகளே. பெரிய ஊடகங்களின் ஆராய்ச்சிகள் எல்லாம் சரியாகவே இருந்தாலும், அந்தப் பெயர்ப் பட்டியலுக்கு ஈடாகாது.

எப்படிப் படிப்பது?

1941 மேயில் தொடங்கிய பி.பி.சி. தமிழ் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டு, இணையத்துக்கு மாறியது. இரவு ஒன்பது மணிக்குப் பின் தமிழோசையையும், அதற்கு முன் டில்லியின் தமிழ்ச் செய்தியையும், மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலியையும் கேட்டு, காலையில் 'வீரகேசரி'யோடு ஒப்பிட்டவர்கள் ஒரு தலைமுறையினர். அவர்கள் எதையும் முழுமையாக நம்பவில்லை; எதையும் முழுமையாகத் தள்ளவும் இல்லை. இந்த வானொலி ஏன் இதைச் சொல்கிறது, மற்றது ஏன் இதை விட்டது என்று கேட்டனர். இன்று கைத்தொலைபேசியில் ஆயிரம் வாசல்கள் இருந்தும், பலர் தமக்குப் பிடித்த ஒரு வாசலோடு நின்றுவிடுகின்றனர். டொரொண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழும் எம்மவர்க்கு வெள்ளவத்தை இப்போது உண்மையிலேயே வெளிநாட்டுச் செய்தி. ஆகவே, அங்கிருந்து வரும் ஒவ்வொரு செய்தியையும் படிக்கும்போது அனுப்பியவர் எங்கே நின்று அனுப்பினார், யாருக்காக எழுதினார், யாரிடம் கேட்கவில்லை என்ற மூன்று கேள்விகளை எழுப்புவது அவசியமாகிறது.

அதே கேள்விகளை எமது பத்திரிகைகளிடமும் கேட்க வேண்டும். 1994இல் ருவாண்டாவில் ஏறக்குறைய எட்டு இலட்சம் பேர் நூறு நாட்களில் கொல்லப்பட்டபோது, தமிழ்ப் பத்திரிகைகளின் வெளிநாட்டுப் பக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தது நிறுவனச் செய்திகளின் சில பத்திகள். உலகம் எங்களைப் பற்றி எழுதவில்லை என்று நாம் குறைப்படுவது நியாயமே. சூடானிலும் மியன்மாரிலும் இன்று வீடிழந்து நிற்பவர்களும் அதே குறையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். அதைக் கேட்பதற்கு எங்கள் பக்கங்களில் எவ்வளவு இடம் ஒதுக்குகிறோம் என்பது எங்கள் கையில் இருக்கிறது.